நான்கில் நிறுத்துக

தாம்பரம், சேலையூர், சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் மாடி வீடுகள் பெருகிவிட்டன. வீட்டின் முன்னே இருந்த மண்தரை பல இடங்களில் சிமெண்டுத் தளமாக மாறிவிட்டது. ஆயினும், மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் கதிரவன் எழுமுன் வாயில் தெளித்துக் கோலமிடும் வழக்கம் மறையவில்லை. கோலமிடுவோர் முதலில் புள்ளிகளை இடுவர். பின்னரே அவற்றை ஒட்டிக் கோடு இழுப்பர். கோலப் புத்தகங்களில் படத்தின் கீழே ஒரு சிறு குறிப்புக் காணப்படும்: ‘இடைப்புள்ளி 7, 4-இல் நிறுத்துக.’ நடுவரிசையில் ஏழு புள்ளிகள். அதன் மேலும் கீழும், புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக, ஆறு ஆறு. பின்னர் ஐந்து ஐந்து. அதன் பின்னர் நான்கு நான்கு. அத்துடன் முடிந்தது என்பது அதன் பொருள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 37 புள்ளிகள் வரும். முப்பத்தேழு புள்ளிகளின் இருப்பிடத்தை இரண்டே எண்களில் அடக்கிவிட்ட அக்குறிப்பு மிகவும் சுருக்கமானது. ஐயத்திற்கு இடம் அளிக்காதது.

அக்குறிப்பை விரித்து எழுதினால் இரண்டு கட்டளைகள் கிடைக்கும். ‘ஒரு வரிசையை இட்டபின், ஒரு புள்ளி குறைத்து, மீண்டும் இக்கட்டளையையே செய்க’ என்பது ஒன்று. ‘நான்கு புள்ளி வரிசையை இட்டதும் நிறுத்துக’ என்பது மற்றொன்று. முதற் கட்டளை தன்னைத் தானே சுட்டுகிறது. இங்ஙனம் ஒரு விதி தன்னுள்ளே தன்னையே அழைப்பதைக் கணிப்பொறித் துறையினர் ‘ரிகர்ஷன்’ என்பர். தமிழில் அதனைத் ‘தற்சுட்டு’ எனலாம்.

இரண்டாம் கட்டளையை எழுத மறந்துவிட்டால் என்ன நேரும்? கோலமிடும் பெண்ணுக்கு ஒன்றும் நேராது. மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்ததும் அவள் தானே எழுந்துவிடுவாள். கணிப்பொறியோ அங்ஙனம் எழாது. ஒன்றுக்குப் பின் சுழியம், சுழியத்திற்குப் பின் குறை ஒன்று, குறை இரண்டு என்று, சொன்ன சொல் தவறாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். இதனினும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி குறைப்பதற்கு மாறாக இரண்டு புள்ளி குறைக்குமாறு எழுதிவிட்டதாகக் கொள்க. ஏழு, ஐந்து, மூன்று என்று வரிசை செல்லும். ‘நான்கில் நிறுத்துக’ என்ற கட்டளை ஏட்டில் இருக்கிறது. ஆனால், நான்கு என்ற எண் வரவே இல்லை. முன்னதில் வெளியேறும் வாயில் இல்லை. பின்னதில் வாயில் உண்டு. வழி அவ்வாயிலுக்குச் செல்லவில்லை. முன்னைய பிழையைப் படித்தவுடன் கண்டுகொள்ளலாம். பின்னையது தேர்ந்தவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

கோலத்திற்கும் கணிப்பொறிக்கும் உள்ள இவ்வுறவு வலிந்து கூறும் உவமை அன்று. அதனை முறையாக ஆராய்ந்தவர்கள் தாம்பரத்திலேயே வாழ்ந்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. மரம் அடர்ந்த அவ்வளாகத்தில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). மாமல்லபுரச் சிற்பங்கள், சிந்துவெளி எழுத்துகள், அச்சிட்ட தமிழெழுத்தைக் கணிப்பொறி அறிந்துகொள்ளும் முறை என்று அவருடைய ஆராய்ச்சி பல துறைகளில் படர்ந்தது. அவர் துணைவியார் ராணி சிரோமணி (1929–2019) அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிப்பொறி அறிவியலின் அடிப்படையான முறைசார் மொழிகள் பற்றிய ஆராய்ச்சியில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒருவர். இவ்விருவரும் பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கும் முறையை விளக்கி 1974-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கணிப்பொறி அறிவியல் முழுவதும் கப்பலேறி வந்த சரக்கு என்று எண்ணுவோர், தென்னாட்டு வாயிற்கோலம் அவ்வறிவியலின் ஆய்வேடுகளில் இடம் பெற்றதை அறிந்துகொள்வது நன்று.

இலக்கண விதி ஒரு கோலத்தை எவ்வாறு பிறப்பிக்கும்? முதலில் சொற்றொடரைக் கொண்டு இதனைக் காணலாம். ‘வேலன் வந்தான்’ என்பது ஒரு வாக்கியம். ‘வேலன் வந்தான் என்று வள்ளி கூறினாள்’ என்பதும் ஒரு வாக்கியமே. ‘வேலன் வந்தான் என்று வள்ளி கூறினாள் என்று மாறன் எழுதினான்’ என்பதும் அவ்வாறே. ஆகவே, ‘வாக்கியம் என்பது ஒரு பெயரும் ஒரு வினையும், அன்றேல், ஒரு வாக்கியமும், என்று என்னும் சொல்லும், ஒரு பெயரும், ஒரு வினையும்’ என்று விதி வகுக்கலாம். விதி ஒன்றுதான், அதிலிருந்து பிறக்கும் வாக்கியங்களுக்கு எண்ணிக்கை இல்லை. மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கி 1950-களில் இத்தகைய விதிகளைக் கணித முறையில் ஒழுங்குபடுத்தினார். சோம்ஸ்கியின் விதிகள் சொற்களை ஒரே வரிசையில் அடுக்குவன. தாம்பரத்து அறிஞர்கள் வரிசையும் நிரலுமாகப் பரந்து நிற்கும் குறிகளுக்கு விதி கண்டனர். புள்ளிகளும் கோடுகளும் வேண்டிய இடத்தில் நிரம்பிக் கோலம் உருவாயிற்று.

கண்ணன் சிலம்பு என்று ஆய்வாளர் குறிப்பிடும் கோலவகை இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. சிறு கோலம் ஒன்றிலிருந்து பெரிய கோலமும், அதிலிருந்து அதனினும் பெரிய கோலமும் ஒரே விதியால் தோன்றும். செடிகளின் வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியல் அறிஞர் 1968-இல் வகுத்த முறையைக் கொண்டு இக்கோலத்தை எழுதினால், ஒவ்வொரு படியிலும் ஒவ்வோர் உறுப்பின் இடத்திலும் நான்கு உறுப்புகள் வந்து நிற்கும். ஓர் உறுப்பு ஐந்தாம் படியில் 1,024 ஆகும். பத்தாம் படியில் 10,48,576 ஆகும். இவ்விதிக்குள் ‘நிறுத்துக’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கருதுதல் வேண்டும். எத்தனை படி செல்வது என்பதைக் கோலமிடுபவர் வாயிலின் அகலத்தைப் பார்த்து முன்னரே தீர்மானித்துக்கொள்கிறார். ஆகவே, தற்சுட்டை நிறுத்துவதற்கு வழிகள் இரண்டு. விதிக்கு உள்ளேயே நிறுத்தம் வைப்பது ஒன்று. வெளியிலிருந்து ஓர் அளவைக் கொடுத்து அதனைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று.

இனி மென்பொருளுக்கு வருதல் தகும். தென்சென்னையின் புறநகர்களில் இன்று பல்லாயிரவர் பிழைப்பு மென்பொருளைச் சார்ந்துள்ளது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் 1984-இல் அமைந்தது; தரமணியில் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி வரை நிறுவனங்கள் எழுந்தன. அங்குப் பணிபுரிவோருள் ஒரு பெரும் பகுதியினர் நிரல் எழுதுவோர் அல்லர். எழுதிய நிரல் சரியாக இயங்குகிறதா என்று சோதிப்போர். வங்கிக் கணக்கும், இரயில் சீட்டும், மருத்துவமனைப் பதிவேடும் கணிப்பொறியை நம்பி நிற்கும் காலத்தில் சோதிப்போரின் பொறுப்பு சிறிதன்று.

நிரல் எழுதுவோர் தாம் கையாளும் பொருள்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரையறை கூறுவர். மாணவன் என்னும் வகைக்குப் பெயர், வயது, வகுப்பு ஆகியவை உறுப்புகளாகலாம். சில வகைகளுக்குத் தற்சுட்டு இல்லாமல் வரையறை கூற முடியாது. புறநகர் மின்தொடரை எண்ணிப் பார்க்க. ‘தொடர் என்பது ஒன்றுமின்மை, அன்றேல், ஒரு பெட்டியும் அதன் பின்னே ஒரு தொடரும்’ என்றால், ஒன்பது பெட்டித் தொடரும் பன்னிரண்டு பெட்டித் தொடரும் அவ்வொரு வரையறைக்குள் அடங்கிவிடும். அதுபோலவே, ‘மரம் என்பது ஓர் இலை, அன்றேல், இரண்டு மரங்களைத் தாங்கிய ஒரு கிளை’ என்று மரத்திற்கு வரையறை கூறலாம். ‘ஒன்றுமின்மை’, ‘இலை’ என்பவையே இவ்வரையறைகளின் வாயில்கள்.

வாயிலற்ற வரையறையும் எழுதப்படுவதுண்டு. ‘மாணவன் என்பவனுக்குப் பெயர் உண்டு, நண்பன் ஒருவன் உண்டு, நண்பனும் மாணவனே’ என்று எழுதிவிட்டால், கேட்பதற்குக் குற்றமில்லை. ஆனால், ஒரு மாணவனை உருவாக்க வேண்டுமாயின் முன்னரே ஒரு நண்பன் வேண்டும்; அந்நண்பனை உருவாக்க வேறொரு நண்பன் வேண்டும். ரஸ்ட் என்னும் மொழியில் இவ்வாறு நேரடியாக எழுதினால், ‘இவ்வகையின் அளவுக்கு எல்லை இல்லை’ என்று மொழிபெயர்ப்பி மறுத்துவிடும். நண்பனை அப்படியே வைக்காமல், அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரியை மட்டும் வைத்தால் அளவுச் சிக்கல் தீர்ந்துவிடும், மொழிபெயர்ப்பியும் ஏற்றுக்கொள்ளும். ஆயினும், முதல் மாணவனை உருவாக்க முடியாத நிலை தீரவில்லை. ‘நண்பன் இல்லாமலும் இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்த பின்னரே அவ்வகை பயன்படும்.

முடிவின்றிச் செல்லும் தற்சுட்டு கணிப்பொறியை எவ்வாறு வீழ்த்துகிறது என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு கட்டளை வேறொரு கட்டளையை அழைக்கும்போது, தான் விட்ட இடத்திற்குத் திரும்பி வரும்பொருட்டு ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. அடுத்த அழைப்புக்கு அடுத்த குறிப்பு. இக்குறிப்புகள் தட்டின்மேல் தட்டாக அடுக்கப்படுகின்றன. வேலை முடிய முடிய, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. இவ்வடுக்கிற்கென ஒதுக்கிய நினைவகம் மிகப் பெரியதன்று. லினக்ஸ் முறையில் பெரும்பாலும் 8 மெகாபைட்டு. ஒரு குறிப்பு 100 பைட்டு கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 80,000 அழைப்புகளில் அடுக்கு நிரம்பிவிடும். இதற்கு ஒரு நொடி கூட ஆகாது. பைத்தான் மொழி இன்னும் எச்சரிக்கை உடையது. இயல்பாக 1,000 அழைப்பு ஆழத்திலேயே தடுத்து நிறுத்திப் பிழை கூறும். பிற மொழிகள் பலவற்றில் நிரல் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும்.

இதுவரை கூறியது நிரலின் குற்றம். அக்குற்றத்தைக் கண்டுபிடிக்கச் சென்ற சோதனைக் கருவியே இக்குழியில் விழுவது உண்டு. ஸ்வீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரிலுள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோன் கிளாசென், ஜான் ஹியூஸ் என்னும் இருவர், ஹாஸ்கெல் மொழிக்கெனக் குவிக்செக் என்ற சோதனை நூலகத்தை அமைத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு முன் சோதிப்போர் மாதிரிகளைத் தாமே ஒவ்வொன்றாக எழுதுவர்: இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த விடை வரவேண்டும் என்பது போல. குவிக்செக்கோ, ‘ஒரு பட்டியலை இருமுறை திருப்பினால் பழைய பட்டியலே கிடைக்கும்’ என்பது போன்ற பொதுப் பண்பை மட்டும் கேட்டுக்கொள்ளும். மாதிரிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தானே உண்டாக்கும். இயல்பாக ஒரு பண்புக்கு 100 மாதிரிகள். மனிதர் நினைத்தும் பாராத மாதிரிகள் அவற்றுள் இருக்குமாதலால், ஒளிந்திருந்த பிழைகள் வெளிப்பட்டன. இம்முறை விரைவில் வேறு பல மொழிகளுக்கும் பரவியது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் ஹாஸ்கெல் மொழி பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ராணி சிரோமணி தாம்பரக் கல்லூரிப் பணிக்குப் பின்னர்த் தொடர்பு கொண்டிருந்த நிறுவனமும் அதுவே.

ஒரு மரத்தைச் சீட்டுக் குலுக்கி உண்டாக்குமாறு கருவிக்குக் கட்டளை இட்டதாகக் கொள்க. அஃது ஒவ்வோர் இடத்திலும் ‘இலையா, கிளையா’ என்று குலுக்கும். இலை வந்தால் அவ்விடம் முடிந்தது; கிளை வந்தால் அதன்மேல் இரண்டு புதிய மரங்கள் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் மீண்டும் குலுக்க வேண்டும். மரங்கள் மிகச் சிறியவையாகப் போய்விடக் கூடாது என்று கருதி, மூன்றில் ஒரு பங்கு இலைக்கும் மூன்றில் இரண்டு பங்கு கிளைக்கும் வாய்ப்பு அளிப்பதாக வைத்துக்கொள்க. வரையறையில் வாயில் இருக்கிறது. வாயிலுக்குச் செல்லும் வாய்ப்பும் ஒவ்வோர் இடத்திலும் இருக்கிறது. ஆகவே மரம் எப்படியும் முடிந்துவிடும் என்று தோன்றும். பள்ளி மாணவர் அறிந்த இருபடிச் சமன்பாடு ஒன்று இந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

மரம் முடிவடைவதற்கான நிகழ்தகவை ப என்க. மரம் முடிவது இருவகையில் நிகழலாம். முதற் குலுக்கலிலேயே இலை வரலாம். அதன் வாய்ப்பு 1/3. அன்றேல் கிளை வந்து, அதன்மேல் உள்ள இரண்டு மரங்களும் முடியலாம். அதன் வாய்ப்பு 2/3 × ப × ப. ஆகவே ப = 1/3 + 2/3 ப². இதனை மூன்றால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் 2ப² − 3ப + 1 = 0 என்றாகும். காரணிப்படுத்தினால் (2ப − 1)(ப − 1) = 0. விடைகள் 1/2, 1 என இரண்டு. இவற்றுள் எது உண்மை? முதற் குலுக்கலிலேயே முடிந்துவிடும் வாய்ப்பு 1/3, அஃதாவது 0.333. இதனை ப-வின் இடத்தில் இட்டு மீண்டும் கணக்கிட்டால், இரண்டு நிலைக்குள் முடியும் வாய்ப்பு 0.407 எனக் கிடைக்கும். மூன்று நிலைக்குள் 0.444, நான்கு நிலைக்குள் 0.465. இவ்வாறு ஏறிச் சென்று 1/2-ஐ நெருங்குமேயன்றி அதனைக் கடக்காது. எனவே, பாதி மரங்களே முடியும். மறுபாதி முடிவின்றி வளரும். பத்து மரங்களைக் கேட்டால் பத்தும் முடிந்து கிடைக்கும் வாய்ப்பு 1,024-இல் ஒன்று. நூறு மரங்களைக் கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கிளாசெனும் ஹியூசும் இவ்விடரைத் தம் முதற் கட்டுரையிலேயே எடுத்துக் காட்டினர். கருவியை ஆக்கியவர்களே அதன் குழியையும் காட்டிக் கொடுத்தது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று.

இலைக்கும் கிளைக்கும் சரிபாதி வாய்ப்பு அளித்தால் இடர் நீங்குமோ? அப்போது ப = 1/2 + 1/2 ப²; இதன் விடை ப = 1 ஒன்றே. மரம் முடிவது உறுதி. ஆயினும், மரத்தின் சராசரி அளவை அ என்று கொண்டு கணக்கிட்டால் வேறொரு வியப்புத் தோன்றும். முதற் கணு ஒன்று. அதில் கிளை வரும் பாதி வாய்ப்பில், அ அளவுள்ள மரங்கள் இரண்டு. ஆகவே அ = 1 + அ. எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று மிகுதியாக இருக்க முடியாது. சராசரிக்கு எல்லை இல்லை என்பதே இதன் பொருள். பெரும்பாலான மரங்கள் சிறியவையாக இருக்கும். எப்போதோ ஒன்று நினைவகம் முழுவதையும் விழுங்கும். திங்கட்கிழமை ஒழுங்காக நடந்த சோதனை செவ்வாய்க்கிழமை காரணம் தெரியாமல் விழுவதற்கு இது போதும்.

இக்கணக்கு கணிப்பொறிக்கு முற்பட்டது. ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறையில் அற்றுப்போகும் என்ற வினாவை இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1873-இல் எழுப்பினார். ஹென்றி வாட்சன் அடுத்த ஆண்டில் அதனைக் கணிதமாக்கினார். விண்கதிர்த் துகள் ஒன்று காற்றில் மோதிப் பலவாகி, அவை மேலும் பலவாகிப் பொழிவதும் இதற்கு உறவான கணக்கே. அத்துறையில் 1950-ஆம் ஆண்டளவில் பெயர் பெற்றவர் அல்லாடி ராமகிருஷ்ணன். 1962-இல் அவர் நிறுவிய கணித அறிவியல் நிறுவனம் இன்று தரமணியில் இயங்கி வருகிறது. குடும்பப் பெயரும், விண்துகளும், சோதனைக் கருவி வளர்க்கும் மரமும் ஒரே சமன்பாட்டு வகைக்குள் அடங்குவது கணிதத்தின் இயல்பு.

இடரைத் தீர்க்க எளிதாகத் தோன்றும் வழி, இலையின் வாய்ப்பை மிகுதியாக்குவது. பத்தில் ஒன்பது பங்கு இலைக்கு அளித்தால் கருவி ஒருபோதும் விழாது. ஆனால், அம்மரத்தின் சராசரி அளவு ஒன்றேகால் கணு. பெரும்பாலும் ஒற்றை இலை. எப்போதாவது ஒரு கிளை. ஆழமான மரத்தில் மட்டும் தோன்றும் பிழை இத்தகைய சோதனையில் சிக்காது. நூறு சோதனையும் நிறைவேறியது என்று திரை காட்டும். சோதித்தவர் மனநிறைவு கொள்வார். பிழையோ உள்ளேயே இருக்கும். விழுந்துபோகும் சோதனையாவது தன் குறையைச் சொல்லிவிடுகிறது. ஒன்றையும் சோதிக்காமல் வெற்றி என்று கூறுவது அதனினும் கேடானது.

குவிக்செக் கண்ட தீர்வு வேறு. மரத்தை வளர்க்கத் தொடங்கும்போதே அதற்கு ஓர் அளவு கொடுக்கப்படுகிறது. 16 என்ற அளவுடன் தொடங்கினால், கிளை வரும்போது மேலுள்ள இரு மரங்களுக்கும் தலைக்கு 8 கிடைக்கும், அவற்றின் கிளைகளுக்கு 4, பின்னர் 2, பின்னர் 1, பின்னர் சுழியம். சுழியம் வந்த இடத்தில் குலுக்கல் இல்லை, இலை மட்டுமே. சீட்டு எவ்வாறு விழுந்தாலும் இம்மரத்தில் 32 இலைகளுக்கு மேல் இரா. இங்கே பாதியாக்குவதும் கருதி அமைத்ததே. ஒவ்வொரு படியிலும் ஒன்று ஒன்றாகக் குறைத்திருந்தால் அப்போதும் மரம் முடிந்திருக்கும். ஆனால், 65,536 இலைகள் வரை வளர்ந்திருக்கும். முதலில் சில மாதிரிகளுக்குச் சிறிய அளவைக் கொடுத்து, போகப் போகப் பெரிய அளவைக் கொடுப்பது குவிக்செக்கின் வழக்கம்.

பின்வந்த நூலகங்கள் இக்கருத்தைத் தத்தம் முறையில் ஏற்றன. பைத்தான் மொழியின் ஹைப்பாதெசிஸ், தற்சுட்டு வகைக்கு மாதிரி கேட்பவரிடம் வாயிலைத் தனியே குறிப்பிடுமாறு கேட்கிறது. இலைகளின் உச்ச எண்ணிக்கையையும் பெற்றுக்கொள்கிறது. ரஸ்ட் மொழியின் புராப்டெஸ்ட் ஆழம், மொத்த அளவு, ஒரு கணுவில் எதிர்பார்க்கும் கிளைகள் ஆகிய மூன்றையும் கேட்கிறது. டாட்நெட் துறையினர் பயன்படுத்தும் ஆட்டோஃபிக்சர், ஒரு வகை சுற்றிவந்து தன்னையே அடைவதைக் கண்டால், அடுக்கு நிரம்பும்வரை காத்திராமல், எவ்வழியே சுற்று நேர்ந்தது என்று கூறி நின்றுவிடும். வேண்டுவோர் அவ்வுறுப்பை வெறுமையாக விட்டு மேலே செல்லுமாறும் அதற்குக் கட்டளை இடலாம்.

மாதிரியை உண்டாக்கும்போது தப்பினாலும், ஒப்பிடும்போது விழுவது உண்டு. ஆசிரியர் பதிவில் மாணவர் பட்டியல் உள்ளது; மாணவர் பதிவில் ஆசிரியர் உள்ளார். பள்ளிப் பதிவேட்டில் இதனினும் இயல்பான அமைப்பு வேறில்லை. இரண்டு ஆசிரியர் பதிவுகள் ஒத்தவையா என்று கேட்டால், கருவி அவர்களுடைய மாணவர்களை ஒப்பிடும், மாணவர்களை ஒப்பிட அவர்களுடைய ஆசிரியர்களை ஒப்பிடும், மீண்டும் மாணவர்கள். சோதனை தோற்றது என்று செய்தி எழுதப் புகும்போதும் இதே சுழல் நேரும்: ஆசிரியரை எழுதத் தொடங்கினால் மாணவர், மாணவரை எழுதினால் ஆசிரியர். தோல்வியை அறிவிக்க வந்த தூதன் வழியிலேயே விழுந்துவிட்டால், தோற்றது நிரலா, சோதனையா, கருவியா என்று தெரியாமல் சோதிப்பவர் நாட்கணக்கில் தேட நேரும். காட்டில் வழி தவறாமலிருக்கக் கடந்த மரத்தில் அடையாளம் இடுவது போல, ஒருமுறை கண்ட பதிவைக் குறித்து வைத்துக்கொண்டு, மீண்டும் அது வந்தால் உள்ளே புகாமல் விடுவதே இதற்கு மருந்து. பைத்தான் மொழியில் ஒரு பட்டியலுக்குள் அப்பட்டியலையே வைத்து அச்சிட்டால், உள்ளே இருப்பதற்கு ஈடாக மூன்று புள்ளிகளை மட்டும் அச்சிடும்.

இத்துணை இடர் விளைக்கும் தற்சுட்டைச் சோதனைத் துறை கைவிட்டுவிடவில்லை. பிழை அகப்பட்ட பின்னர் அதுவே பெரிதும் உதவுகிறது. ஐந்நூறு இலை கொண்ட மரம் ஒன்றில் நிரல் தவறுகிறது என்று தெரிந்தால், அம்மரத்தை அப்படியே நிரல் எழுதியவரிடம் கொடுப்பதில் பயன் இல்லை. அதனைச் சிறிதாக்க வேண்டும். மரத்தின் ஒவ்வொரு கிளையும் தானே ஒரு முழு மரமாதலால், மற்றவற்றை எறிந்துவிட்டு ஒரு கிளையை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். அதிலும் நிரல் தவறினால் அதன் உட்கிளையை எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் முன்னதினும் சிறிய மரத்தையே எடுக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. அவ்விதி உள்ளவரை இத்தேடலும் முடிந்தே தீரும். ஐந்நூறு இலையில் தொடங்கிய தேடல் பெரும்பாலும் இரண்டு மூன்று இலை கொண்ட மரத்தில் வந்து நிற்கும். நிரல் எழுதியவர் அதனை ஒரு சிறு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, தவறு எவ்விடத்தில் என்று பார்க்கத் தொடங்குவார்.